பிளம் தோப்பு வளைவு

"கையைப் பாக்கெட்டுல இருந்து எடுங்கண்ணே. வண்டி ஓட்டணும்ல?"

ஸ்லாவ்கோ சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அவன் கண் பிரேக்கை விட்டு நகரவில்லை. மேற்பார்வைக்கென்று பெல்கிரேடிலிருந்து அனுப்பப்பட்ட இளம் ஓட்டுநர் அவன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மிலுட்டின், இதே பாதையில் இருபத்தாறு வருஷம் ரயில் ஓட்டியவர். கடந்த பதினான்கு மாதங்களாக ரயிலைத் தொடாதவர்.

மிலுட்டின் கையை எடுத்தார். இயக்கும் பிடியில் வைத்தார். காலை எட்டு பத்துக்கு வண்டி வால்யேவோ ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியது.

"ஃபைல்ல படிச்சேண்ணே. பிளம் தோப்பு வளைவுல யாரோ குறுக்க வந்து நின்னுட்டாங்களாமே?"

"ம். பிரேக் போட்டேன். போட்ட உடனே நிக்கிற வண்டியா இது?"

"யாரோ செஞ்சதுக்கு நீங்க ஏண்ணே இவ்வளவு கஷ்டப்..."

"அப்படிப் பேசாதே தம்பி."

மிலுட்டினின் குரல் சட்டென்று உயர்ந்தது.

அந்த நாளுக்குப் பிறகு மிலுட்டின் மனிதராகவே இல்லை. அடுப்பில் கெட்டில் விசிலடித்தால் மேசைக்கு அடியில் போய் ஒடுங்குவார். மனைவி ஒல்கா கெட்டிலையே தூக்கி எறிந்தாள். இரண்டு மாதம் மருத்துவமனை. வீட்டுக்கு வந்த பிறகும் ஜன்னல் திரையை விலக்க விடவில்லை.

"அப்புறம் எப்படிண்ணே எழுந்து வந்தீங்க?"

"தெசான்கான்னு ஒருத்தங்க. பள்ளிக்கூடத்துல சமையல் வேலை. அவங்களும் என் டாக்டர்கிட்டதான் வைத்தியம் பார்த்தாங்க. ஒருநாள் வால்நட் கேக்கோட வாசல்ல வந்து நின்னாங்க. கதவைச் சாத்திட்டேன். மறுநாளும் வந்தாங்க. அன்னைக்கும் சாத்திட்டேன். மூணாம் நாள் ஒல்காவே கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்துட்டா."

"வந்து?"

"ரெண்டு மணி நேரம் அந்தக் கேக்கையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவங்கதான் எழுந்து, 'வாங்க, பேக்கரி வரைக்கும் நடந்துட்டு வரலாம்'னாங்க."

முதல் வாரம் பேக்கரி. அடுத்த மாதம், ஸ்டேஷன் கடிகாரம் கண்ணில் படும் தெருமுனை. பிறகு நடைமேடை. அங்கே முதன்முதலாகச் சரக்கு வண்டி ஒன்று இரைந்துகொண்டு வந்தபோது, இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

"ஓடிடலாமா?" என்று கேட்டார் மிலுட்டின்.

"ஓடலாம். வண்டி போகட்டும், அப்புறம் ஓடலாம்," என்றாள் தெசான்கா.

வண்டி போனது. இருவரும் ஓடவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

"அண்ணே, அடுத்தது அந்த வளைவு," என்றான் ஸ்லாவ்கோ மெதுவாக. மிலுட்டினின் நெற்றியில் வியர்வை. "நான் எடுத்துக்கட்டுமா?"

"வேண்டாம்."

மரங்கள் முழுக்க வெள்ளைப் பூ. வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். தலைத்துணியை அவிழ்த்து, வண்டியைப் பார்த்து ஆட்டினாள்.

மிலுட்டின் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை தொடாத ஹார்னை அழுத்தினார். பள்ளத்தாக்கு முழுதும் எதிரொலித்தது. அவள் இரண்டு கையையும் உயர்த்திக் குதித்தாள், சின்னப் பிள்ளை மாதிரி.

ஸ்லாவ்கோ ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

"அவங்கதான் தெசான்காவா?"

"ஆமா."

"உங்களுக்குத் தைரியம் கொடுக்க, இந்த இடத்துக்கே வந்து நிக்கிறாங்களே!"

மிலுட்டின் பாதையிலிருந்து பார்வையை எடுக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, அந்தத் தைரியத்தை அவங்க எங்கே இருந்து எடுத்தாங்கன்னுதான் இன்னும் புரியலை தம்பி. அன்னைக்கு இங்க என் வண்டிக்கு முன்னால நின்னு, அடிபட்டும் உயிர் தப்பினவங்களே அவங்கதான்."