பதினாலாவது சீட்டு

உருண்டு போன மருந்து டப்பாவை எடுக்கக் குனிந்தபோதுதான், வேனின் கடைசி சீட்டுக்கு அடியில் கயிறு போட்டுக் கட்டியிருந்த தூக்குவாளியை ஷாரோன் பார்த்தாள். மூடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. பொற்கொடி.

அந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

போடி பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துக் கிடக்கும் கருப்பம்மாள்தான் சொன்னாள். காலில் சீழ் வைத்த புண். மருந்து போட வேனுக்குள் வரச் சொன்னதற்குத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றாள்.

"ஒச்சப்பன் ஓட்டுற வண்டியில ஏறமாட்டேன் தாயி. நாலு வருசத்துக்கு முன்னாடி அவன் ஜீப்புல தோட்டத்து வேலைக்கு ஏறிப்போன பொற்கொடி இறங்கி வரவே இல்ல. போலீசும் கூட்டிட்டுப் போயி விசாரிச்சுச்சு, என்னத்தக் கண்டுச்சு? நீயும் சூதானமா இரு."

வீடில்லாமல் தெருவில் கிடப்பவர்களைத் தேடிப்போய் மருந்து போட, முடிவெட்ட, குளிப்பாட்ட ஒரு வண்டி வேண்டும் என்று ஏலக்காய்க் கடை கடையாக ஏறி இறங்கியவள் நர்சு ஷாரோன். அன்னதானம் என்றால் சொல்லும்மா, பேனரில் பேர் போட்டுடலாம் என்றார்கள் மகராசர்கள். வண்டி என்றதும் எல்லோருக்கும் வாயில் பூட்டு.

கொடுத்தவர் ஒச்சப்பன் ஒருவர்தான். பிழைப்புக்கு வைத்திருந்த இரண்டு ஜீப்பையும் விற்று இந்த வேனை வாங்கித் தந்தார். அவர்தான் ஓட்டுவார், தினமும் சாயங்காலம் போடிமெட்டு வரை ஒரு நடை போக வேண்டும், கடைசியில் இருக்கும் பதினாலாவது சீட்டில் யாரும் உட்காரக் கூடாது. இவ்வளவுதான் அவர் கேட்டது.

வண்டியில் இரண்டே பேர் இருந்தாலும் கிளம்பும் முன் ஒவ்வொருவர் தலையையும் தொட்டு எண்ணுவார். எண்ணி முடித்ததும் அவர் முகம் கறுத்துவிடும். கொஞ்சம் கிறுக்குப் பிடித்த நல்ல மனுஷன் என்று நினைத்து ஷாரோன் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். இப்போது தன் புத்தியைத் தானே நொந்துகொண்டாள்.

வேன் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது. மூட்டம் இறங்கி, ரோட்டோரத் தடுப்புக் கல்கூடத் தெரியவில்லை. வண்டிக்குள் அவர்கள் இருவர் மட்டும்தான். செல்லிலும் சிக்னல் இல்லை.

"அண்ணே, வண்டியத் திருப்புங்க. இன்னைக்கு வேணாம்."

"பேசாம இரு தாயி. அஞ்சு மணிக்குள்ள போயிரணும். அங்க ஆளு காத்துக்கிட்டிருக்கும்." அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மெட்டுக்குப் பக்கத்தில் ஒரு வளைவில் வேனை ஓரங்கட்டினார். ஒரு பக்கம் ஏலத்தோட்டம், மறுபக்கம் கிடுகிடு பள்ளம். தினமும் இதே இடத்தில்தான் நிறுத்துவார். இன்ஜின் ஆறட்டும் என்பார், அவளும் நம்பியிருந்தாள்.

கதவை இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது.

"பொற்கொடிய என்ன பண்ணீங்க?" கேட்டே விட்டாள்.

ஒச்சப்பனின் தோள் குலுங்கியது.

"கொன்னுட்டேன்னுதான ஊரு சொல்லுது? இந்த வளைவுலதான் தினமும் அஞ்சு மணிக்கு ஆளேத்துவேன். அன்னைக்குப் பேய்மழை தாயி. வேலையாளுக எல்லாரும் சாக்கைக் கொங்காணியா மடிச்சுத் தலையில போட்டுக் குனிஞ்சு உக்காந்திருந்தாக. எப்பவும்போலத் தலைய எண்ணுனேன். பதினாலு. போடியில வந்து இறக்குனா பதிமூணு பேருதான் இருக்காக. சாக்குப் போத்தி வச்சிருந்த காய் மூட்டைய ஒரு ஆளுன்னு எண்ணிப்புட்டேன். திரும்ப ஏறி வந்து பாத்தேன், அவளக் காணோம். அவ தூக்குவாளி மட்டும் ஜீப்புல கிடந்துச்சு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு வருசத்துக்கு மேல ஜீப்புலயே தேடுனேன். தெருவுல கிடக்குறவுக என்னையக் கண்டாலே ஓடுனாக. நர்சம்மா வண்டின்னா கிட்ட வருவாகள்ல. அதான் இந்த வேனு."

நன்றாகத்தான் ஜோடித்திருக்கிறார் என்று நினைத்தாள் ஷாரோன். ஒரு வார்த்தையைக்கூட அவள் நம்பவில்லை. மருந்துப் பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துத் துப்பட்டாவுக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது வெளியே யாரோ வேனைத் தட்டினார்கள்.

"சாயங்காலமானா இந்த வளைவுல ஒருத்தி வந்து நிக்கிறான்னு லாரிக்காரன் காலையில சொன்னது நெசந்தான் போல," என்று முனகியபடி ஒச்சப்பன் கதவின் பூட்டை எடுத்துவிட்டார்.

கதவு நகர்ந்தது. கிழிந்த சாக்கைத் தலையில் போட்ட ஒரு உருவம் உள்ளே ஏறியது. சடை விழுந்த முடி, ஒட்டிப்போன கன்னம். ஷாரோன் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள்.

வந்தவள் இருவரையும் பார்க்கவே இல்லை. நேராகப் போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். சொந்த அடுப்படியில் எடுப்பவள்போலச் சீட்டுக்கு அடியில் கைவிட்டு, கயிற்றை அவிழ்த்து, தூக்குவாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தலையை எண்ண நீட்டிய ஒச்சப்பனின் கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஏண்ணே, இன்னைக்கு ஜீப்பு இம்புட்டு லேட்டு?"