எண்ணாமல் அடைத்த பட்டி

முவான்ஸா நகர ஆஸ்பத்திரியின் தலைமை அறுவை மருத்துவர் லுஹெண்டே, எக்ஸ்ரே படத்தைப் பேர் பார்க்காமலே ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"வயித்துக்குள்ள இது என்னய்யா?"

ஆபரேஷன் செய்த இளம் டாக்டர் மகேசாவுக்கு இன்றோடு வேலை போய்விடும் என்று தெரிந்துவிட்டது.

"காஸிபிபோமா, சார்."

"அடேங்கப்பா! அர்த்தம் சொல்லு."

"காஸிபியம்னா லத்தீன்ல பருத்தி. போமா நம்ம சுவாஹிலி, மறைவிடம்னு புத்தகத்துல போட்டிருக்கு. ஆபரேஷன்ல உள்ளேயே விட்டுட்ட பஞ்சுத் துணிக்கு அந்தப் பேரு."

"எங்க ஊர்ல போமான்னா மாட்டுப்பட்டி. பள்ளிக்கூடம் பார்க்காதவன்கூட மாட்டை எண்ணிட்டுத்தான் பட்டியை அடைப்பான். நீ எண்ணாம வயித்தையே தைச்சிருக்கே! கத்தியைக் கீழ வெச்சுட்டு மாடு மேய்க்கப் போ. வேணாம், மாடு பாவம்."

மூலையில் நின்ற சிஸ்டர் ரெஹேமா தொண்டையைச் செருமினாள்.

"எண்ணினோம், சார். ஒண்ணு குறையுது, தேடணும்னு நான்தான் சொன்னேன். 'ஈஸ்டர் வரைக்கும் எண்ணுவியா? தைச்சு முடி'ன்னு ஒரே அதட்டல்."

"ஆபரேஷன் தியேட்டர்ல அதட்டினவன் எவன்?"

"பேஷண்ட்தான், சார். முதுகுல மரத்துப்போற ஊசி மட்டும் போட்டதால நல்லா முழிச்சிட்டிருந்தாரு. பேஷண்டே தலைமை டாக்டரா இருந்தா நாங்க என்ன பண்றது?"

லுஹெண்டேயின் கை தானாகச் சட்டைக்குள் போய், போன மாதம் தனக்குக் குடல்வால் எடுத்த தழும்பைத் தடவியது.

"நாளைக்கு மறுபடி திறக்கிறோம்" என்றாள் ரெஹேமா. "இந்தத் தடவை முழு மயக்கம், சார். நாங்க நிம்மதியா எண்ணணும்."