மூடிய ஜன்னல்கள்

அந்த ஊரில் பட்டாளத்துக்கும் பயணிகளுக்கும் ஒரே விமான நிலையம், ஒரே ஓடுபாதை. அங்கே இறங்கும்போது பயணிகள் ஜன்னலை இழுத்து மூடிவிட வேண்டும் என்பது சட்டம்.

"வானத்தில் குட்டிக்கரணம் போடுகிறேன். என்ன பிரயோஜனம்? உன் ஆட்களில் ஒருத்தராவது என்னைப் பார்த்திருக்கிறார்களா?" என்று போர் விமானம் பொருமும்.

"உன்னைப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு, தம்பி" என்று சொல்லிவிட்டுப் பயணிகள் விமானம் தன் வேலையைப் பார்க்கும்.

ஒரு நாள் மாலை, இறங்கப்போன போர் விமானத்துக்கு ஒரு சக்கரம் வெளியே வரவில்லை. முதலில் இறங்கவேண்டிய பயணிகள் விமானம், "நீ போ" என்று வழிவிட்டு மேலேயே வட்டமடித்தது. உள்ளே விமானி விஷயத்தைச் சொன்னதும் பயணிகள் பேச்சை நிறுத்தினார்கள்.

போர் விமானம் உடம்பை உலுக்கி உலுக்கிப் பார்த்தது. கடைசி நேரத்தில் சக்கரம் வெளியே வந்தது. பத்திரமாக இறங்கியது.

பின்னாலேயே பயணிகள் விமானமும் இறங்கி அருகில் வந்து நின்றது. எல்லா ஜன்னல்களும் மூடியே இருந்தன.

"பார்த்தாயா, இன்றைக்கும் ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை" என்றது போர் விமானம்.

"இரைச்சலை நிறுத்திவிட்டுக் கேள்."

போர் விமானம் இன்ஜினை அணைத்தது. மூடிய ஜன்னல்களுக்குப் பின்னால் கைதட்டல் இன்னும் ஓயவில்லை.