கத்தி படாமல்

கத்தியைக் கண்டதும் வெள்ளையம்மா முழங்கால்கள் இரண்டையும் சேர்த்து இறுக்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரி ஆயா சந்திரமதி தகரக் கிண்ணத்தில் சோப்பை நுரைத்தபடியே சிரித்தாள்.

"தெனம் முந்நூறு ரப்பர் மரத்துல கத்தி வெக்கிறவ, ஒனக்குக் கத்தின்னா பயமா? கீழ முடிய மழிச்சுவிடணும், அவ்வளவுதான். முடியோட பேறு பாத்தா காய்ச்சல் ஒட்டிக்கும்னு டாக்டரு உத்தரவு."

"வேணாங்கா. பேறு முடியுற வரைக்கும் எம்மேல கத்தி படக்கூடாது."

வெள்ளையம்மா கைகளை நீட்டிக் காட்டினாள். நகங்கள் நீண்டு வளைந்து கிடந்தன. நகக்கண்களில் ரப்பர் பால் கறுத்துக் காய்ந்திருந்தது. இந்தப் பிள்ளை வயிற்றில் தங்கியது தெரிந்த நாளிலிருந்து அவள் நகம் வெட்டவில்லை.

போன பிள்ளைக்கு எட்டாம் மாதத்தில் ஒரு பழைய பிளேடால் நகம் வெட்டிக்கொண்டாள். தோட்டத்து லயத்து வீட்டிலேயே பேறு நடந்தது. பிள்ளை அழவில்லை. "பிளேடு வெச்சியே, அதான்" என்று அவள் புருசன் வீரமுத்து ஒரே ஒரு தடவை சொன்னான். பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வெள்ளையம்மாவுக்கு அழக்கூட வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஓர் இடம் மரத்துப்போய், அப்படியே இருந்துவிட்டது.

"அவரும் எனக்காகத் தாடியோட கெடக்குறாரு. நெஞ்சு வரைக்கும் தொங்குது. புள்ள பொறந்தப்புறந்தான் எடுப்பாரு" என்றாள். "ஆஸ்பத்திரிப் பக்கமே போவாத, போனா கத்தி வெச்சிருவாங்கன்னு பத்துத் தரம் சொல்லியிருக்காரு."

"பின்ன எதுக்குடி வந்த?"

"நானா வந்தேன்? மரத்தடியில வலி கண்டுருச்சு. கணக்கெழுதுற கிராணி பால் லாரியில ஏத்தி அனுப்பிட்டாரு."

ரப்பர் விலை விழுந்து ஆள் குறைத்ததிலிருந்து வீரமுத்துவுக்குத் தோட்டத்தின் பத்தாம் மைல் டிவிசனில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் லயத்துக்கு வருவான். இந்த ஞாயிறு அதுவும் இல்லை. கிராணி அவனுக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

"அவரு வந்து சரின்னு சொல்லட்டும்கா. அப்புறம் மழிங்க."

"ஒம் புருசன் வர்ற வரைக்கும் உள்ள இருக்கிறது குந்திக்கிட்டு இருக்குமா?" சந்திரமதி பக்கத்திலிருந்த காலிக் கட்டிலைத் தாடையால் காட்டினாள். "இதுல கெடந்தவளும் இதே பாட்டுத்தான் பாடுனா. அவ புருசன் என்னா சொன்னாரு தெரியுமா? 'நீங்க மழிங்கக்கா, எனக்கு ஆளு பொழைச்சாப் போதும்'னாரு. நல்லா கொழுகொழுன்னு ஆம்பளப் புள்ள. அப்பிடி மனுசங்களும் இருக்காங்க."

அடுத்த வலி வெள்ளையம்மாவின் இடுப்பைப் பிடித்துத் திருகியது. அது விட்டபோது முழங்கால்கள் தாமாகவே தளர்ந்திருந்தன.

நுரை குளிர்ந்தது. பால் மரத்தில் பட்டை சீவுவதுபோல் கத்தியின் மெல்லிய சத்தம்தான் கேட்டது. அந்தச் சத்தம் வேறு யாருடைய உடம்பிலிருந்தோ வருவதுபோல் அவள் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இந்தப் பிள்ளையும் அழாவிட்டால், குற்றம் இந்த முறையும் அவளுடையதுதான். அதை நினைத்துப் பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம்தான் வரவில்லை.

"அக்கா, அவருகிட்ட சொல்லிறாதீங்க."

"நான் எதுக்குச் சொல்றேன்? அவரு பாக்குறதுக்குள்ள வளந்துரும், போ!"

சந்திரமதி கிண்ணத்தைத் துடைத்து வைத்துவிட்டு வெந்நீர் எடுக்கப் போனாள். அவள் காலடிச் சத்தம் ஓய்வதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. வீரமுத்து வந்து நின்றான்.

வெள்ளையம்மா அவசரமாகப் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். அவனுக்கு எப்படியோ தெரிந்துவிடும் என்று தோன்றியது. மெல்ல நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

தாடியைக் காணோம். கன்னம் இரண்டும் மழமழவென்று வெளுத்துக் கிடந்தன. மோவாயில் சிறிய கத்திக் கீறல் ஒன்று ஆறத் தொடங்கியிருந்தது.

"இன்னும் பொறக்கலைங்களே" என்றாள் வெள்ளையம்மா. "பொறந்திருச்சுன்னு யாராச்சும் தப்பாச் சொல்லிட்டாங்களா?"

அவன் காலிக் கட்டிலை ஒரு முறை பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ எதுக்கு இங்க வந்த?" என்றான்.

"வலி தாங்கலைங்க. கிராணிதான்..."

வெந்நீர் வாளியோடு சந்திரமதி உள்ளே வந்தாள். அவனைக் கண்டதும் அவள் முகமெல்லாம் சிரிப்பானது.

"என்னா தம்பி, மறுபடியும் வந்து நிக்கிறீங்க? ஒங்க சம்சாரத்தையும் பையனையும் காலையிலயே அனுப்பிட்டமே!"