பத்துக்கு எவ்வளவு?

கணையப் புற்றுநோய் வலி தாங்காமல் துடித்த பிச்சுமணிக்கு, அந்த வலியைக் கடத்தும் நரம்பில் ஊசி போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. நியூஜெர்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் இங்கிலீஷில் கேட்டதை மகள் மானஸா தமிழில் சொன்னாள்.

“பத்துக்கு எவ்ளோப்பா குடுப்பேள்?”

“பத்து.”

அதை இங்கிலீஷில் கேட்டதும் டாக்டரின் முகம் வாடிவிட்டது. “திரும்ப ஊசி போடணுமாம்” என்றாள் மானஸா.

மனைவி காமாக்ஷி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இவ்ளோ வலியோடயா காலம்பற மூணு ஊத்தப்பம் சாப்ட்டேள்?”

“வலியா? ஏதுடி வலி?”

“இப்போதானே பத்துன்னேள்!”

“முப்பது வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தேன், ஒருத்தனுக்கும் ஃபுல் மார்க் போட்டதில்ல. இந்தப் பிள்ளை ஊசி போட்ட அழகுக்குப் போட்டேன்!”

“அப்பா! மார்க் டாக்டருக்கு இல்ல, வலிக்கு!”

“அதுக்கா? முட்டை!”