ஸ்டமாட்டியா பேசாமல் இருந்தாள்

ஸ்டமாட்டியா நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வோலோஸ் மீன் சந்தையில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். துறைமுகத்தின் அந்தக் கோடிவரை கேட்கும் குரல் அவளுக்கு.

எதிரே அவளுடைய அண்ணன் மனைவி ஆர்கிரோ, பிரஷர் பார்க்கும் கருவியோடு காத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

மருத்துவமனையில் அளந்தபோதெல்லாம் ஸ்டமாட்டியாவுக்கு ஒவ்வோர் எண் வந்தது. ஒரு வாரம் வீட்டிலேயே அளந்து கருவியைக் கொண்டுவாருங்கள், அப்போதும் இப்படியே குதித்தால் ஆபரேஷன் பேச்சே வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மற்ற சோதனைகளெல்லாம் தேறியாயிற்று. இது ஒன்றுதான் பாக்கி.

முதலில் வீட்டிலும் அதே கூத்துதான். காபி குடித்த கையோடு வந்து உட்கார்ந்தாள். சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினாள். பட்டை கையை இறுக்கும்போது நண்டு விலை பேசினாள்.

ஆர்கிரோ பொறுமையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். மீன் பெட்டி தூக்கித் தூக்கித் திரண்ட அந்தக் கைக்குப் பட்டை போதவில்லை என்று தெரிந்ததும், மருந்துக்கடையில் பெரிதாக ஒன்று வாங்கிவந்தாள்.

மற்றதையெல்லாம் ஸ்டமாட்டியாதான் செய்தாள். அளந்து முடியும்வரை காபியைத் தொடவில்லை. சிகரெட்டை அடியோடு விட்டாள். அவளுக்கு இதயத்தில் ஏதோ கோளாறு என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். அவள் மறுக்கவில்லை.

“பேசாம உக்காருறதுக்குப் பத்துப் பெட்டி மத்தி தூக்கச் சொல்லுங்க அண்ணி, தூக்கிடுறேன்” என்று அலுத்துக்கொண்டாள். ஆனாலும் உட்கார்ந்தாள்.

இன்று கடைசி நாள். ஆர்கிரோ அவள் கையை மேசைமேல் வைத்து, நெஞ்சு மட்டத்துக்கு வரும்படி அடியில் ஒரு தலையணையைச் செருகினாள். பொத்தானை அழுத்தினாள். சற்று விட்டு மறுபடி. இன்னும் சற்று விட்டு மறுபடி.

நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பதினேழு. நூற்றுப் பதினெட்டு.

நேற்றும் இதேதான். முந்தாநாளும் இதேதான்.

ஆர்கிரோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் தன்னை ஒரு சொல் குறையாமல் திட்டித் தீர்த்த வாய், எப்படி அடங்கி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. ஆர்கிரோவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் வண்டி.

ஸ்டமாட்டியா பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்தாள். அண்ணிக்குக் கோட்டை மாட்டிவிட்டு, காலரைச் சரிசெய்தாள்.

“அந்தப் படுக்கைய வேற யாருக்காவது குடுத்துறச் சொல்லிட்டு வாங்க. எனக்கு ஒரு கிட்னி போதும்.”