ரார் ஐயாவின் ரகசியம்

நான் ஒரு ரார் கோப்பு. அமுக்கிக் கட்டிய மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைத் திறக்கும் மென்பொருள் தமயந்தியின் கணினியில் இல்லாததால், ஏதோ பெரிய ரகசியம் போலக் கெத்தாக இருந்தேன். பக்கத்தில் இருந்த பாட்டுகள்கூட என்னை 'ஐயா' என்றுதான் கூப்பிடும்.

கணினியில் இடம் போதாமல் போனதும், அழிப்பதற்கு முன் என் உள்ளே பார்த்துவிட நினைத்தாள் தமயந்தி.

"அதற்குத் தனி மென்பொருள் வேண்டும்" என்றேன் பிரவுசரிடம்.

"எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம் ஐயா, ஆன்லைன்லயே பார்த்துடலாம்" என்று அது என்னைத் திறந்து காட்டியது.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர். கடைசியில் ஒரே ஒரு ரோஜாப்பூப் படம்: 'இனிய காலை வணக்கம்.'

தமயந்தி டெலீட்டை அழுத்தினாள். நான் ரீசைக்கிள் பின்னுக்குப் போகும்போது பிரவுசர் மரியாதையாகச் சொன்னது: "நன்றி ஐயா, வணக்கம்."